தென்னாசியச் சாலை ஊர்திகளில் வண்ணமும் அலங்காரமும்: ஒரு வரலாற்று நோக்கு

தென்னாசிய ஓவிய வரலாறு நம் பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படும்போது அஜந்தாவில் தொடங்கிச் சித்தன்னவாசல், தஞ்சைப் பெரியகோயில், முகலாயர் நுண்ணோவியம், இரவிவர்மா என்று நடந்து, இருபதாம் நூற்றாண்டின் கலைக்கூடங்களில் வந்து நின்றுவிடுகிறது. அதே நூற்றாண்டில் அப்பெருநிலப்பரப்பின் சாலைகளில் இரவும் பகலும் ஓடிய ஓவியங்கள் அவ்வரிசையில் இடம்பெறுவதில்லை. சரக்குந்தின் பின்கதவில் எழுதப்பட்ட மயில், வேனின் உட்கூரையில் பொத்தான் பதித்துத் தைக்கப்பட்ட செயற்கைத்தோல், முகப்பில் தீட்டப்பட்ட குலதெய்வத்தின் பெயர் ஆகிய அனைத்தையும் நாட்டுப்புறக் கலை என்னும் ஒரே பெட்டிக்குள் இட்டு மூடிவிடுவது ஆய்வாளரிடையே வழக்கமாக இருந்துவந்துள்ளது.

அவ்வழக்கோடு நாம் உடன்படவில்லை. அலங்காரம் இந்நாடுகளில் ஏன் இவ்வளவு செழித்தது என்னும் வினாவுக்கு, மக்களின் அழகுணர்ச்சி என்று விடை கூறுவது விடை கூறாமலிருப்பதற்குச் சமம். அழகுணர்ச்சி எல்லா நாட்டாருக்கும் உண்டு. ஊர்தியின் மேற்பரப்பு யாருடைய கையில் முடிவுபெறுகிறது என்பதே இங்கு முதன்மையான வினா. தொழிற்சாலையிலேயே முற்றுப்பெற்று வெளிவரும் வண்டியில் வாங்குபவருக்கு எஞ்சுவது மிகச் சிறிது. முற்றுப்பெறாமல் வரும் வண்டியோ தச்சரையும் கொல்லரையும் ஓவியரையும் தையற்காரரையும் தேடிச் செல்கிறது. தென்னாசியாவின் வண்டி அலங்கார வரலாற்றைப் பெரும்பகுதி இந்த முற்றுப்பெறாமையின் வரலாறாகவே நாம் படிக்க விரும்புகிறோம்.

அடிச்சட்டமும் கூடும்

இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் விடுதலைக்குப் பிந்திய பல பத்தாண்டுகள் சரக்குந்து நிறுவனங்கள் பெரும்பாலும் முழு வண்டியை விற்கவில்லை. இயந்திரம், சக்கரங்கள், நீண்ட இரும்புச் சட்டம், முன்முகப்புத் தகடு ஆகியவற்றோடு நின்றுவிடும் 'சேசிஸ்' எனப்பட்ட அடிச்சட்டத்தையே விற்றன. ஓட்டுநர் அமரும் அறையும் சரக்கு ஏற்றும் பெட்டியும் அதில் இரா. அடிச்சட்டத்தை வாங்கியவர், பெட்டிமேல் பலகையிட்டு அமர்ந்த ஓட்டுநரைக் கொண்டு, வெயிலிலும் மழையிலும் அதைக் கூடு கட்டும் பட்டறைக்கு ஓட்டிவரச் செய்வார். அப்பட்டறையில் அது வாரக்கணக்கில் நின்று வண்டியாகும்.

1954ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனம் செருமனியின் டைம்லர்-பென்சு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து ஜம்ஷெட்பூரில் சரக்குந்து உற்பத்தியைத் தொடங்கிற்று. அதற்கு அடுத்த ஆண்டில் சென்னையை அடுத்த எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் பிரிட்டனின் லேலண்டோடு இணைந்து அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறியது. கராச்சியில் பெட்ஃபோர்டு வண்டிகள் பாகங்களாக இறக்கப்பட்டுப் பொருத்தப்பட்டன. தொழில்நுட்பம் செருமானியது, ஆங்கிலேயருடையது. ஆயினும் சாலையில் ஓடிய உருவம் அவ்விரண்டிலும் சேராது. ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரி அடிச்சட்டம் லூதியானாவில் ஒரு முகமும் நாமக்கல்லில் மற்றொரு முகமும் பெற்றது இதனாலேயே ஆகும்.

நம் வட்டாரத்திற்கு அண்மையிலுள்ள பிலிப்பீன்சின் ஜீப்னியும் இதே காரணத்தால் பிறந்ததே. 1945க்குப்பின் அமெரிக்கப் படை விட்டுச்சென்ற ஜீப்புகளின் பின்பகுதியை நீட்டி, கூரையிட்டு, எதிரெதிராக இரு நீள இருக்கைகளை அமைத்து அதைப் பயணியர் வண்டியாக்கினர். குதிரைவண்டித் தொழிலோடு முன்பு தொடர்புகொண்டிருந்த லியோனார்டோ சராவோ 1953இல் மணிலாவை அடுத்த லாஸ் பின்யாசில் தொடங்கிய பட்டறை அத்தொழிலின் பெரும்பெயரானது. முகப்பு மூடியின்மேல் நிறுத்தப்படும் பளபளப்பான உலோகக் குதிரைகள், மறைந்துபோன குதிரைவண்டியின் நினைவு என்றே கொள்ளத்தக்கவை. மிஞ்சிய பொருளொன்று உள்ளூர்க் கைகளில் விழுந்தது; உருவம் அக்கைகளின் விருப்பப்படி அமைந்தது.

இக்கருத்துக்கு எதிர்ச்சான்று ஒன்றையும் ஈண்டுக் கூற வேண்டும். சப்பானில் சரக்குந்துகள் தொழிற்சாலையிலிருந்து ஓட்டுநர் அறையோடு வருபவை. எனினும் 1970களில் அங்கே விளக்குகளும் உலோகத் தகடுகளும் பூண்ட 'தெகோதொரா' வண்டிகள் பெருகின. 1975 முதல் 1979 வரை வெளிவந்த 'தொரக்கு யாரோ' திரைப்பட வரிசை அவற்றைப் புகழ்பெறச் செய்தது. எனவே முற்றுப்பெறாமை மட்டுமே போதுமான காரணம் அன்று. வண்டியைத் தன் பிழைப்பும் பெருமையுமாகக் கருதும் சிறு உடைமையாளர் இருத்தலும் வேண்டும். பெருநிறுவனத்தின் நூறு வண்டிகள் ஒரே நிறத்தில் ஓடும். ஒரே வண்டி வைத்திருப்பவர் அதைக் கூட்டத்தில் தனித்துக் காட்ட விரும்புவார். சரக்கு தருபவரும் அதைக் கொண்டே அவரை மதிப்பிடுவார். நன்றாகப் பேணப்பட்ட வண்டி காலத்தில் சென்று சேரும் என்பது சந்தையில் நிலவும் கணக்கு. அலங்காரத்தைச் செலவாகப் பார்க்கும் நம் கண்ணுக்கு அது முதலீடு என்பது எளிதில் புலப்படுவதில்லை.

பெஷாவர் முதல் கராச்சி வரை

இக்கலை தன் முழு வளர்ச்சியை எட்டிய நிலம் பாகிஸ்தான் என்பதில் ஐயமில்லை. அங்கு 1950கள் தொட்டு ஓடிய பெட்ஃபோர்டு சரக்குந்தின் உருண்ட மூக்கைக் கண்ட மக்கள் அதற்கு 'ராக்கெட்' என்று பெயர் சூட்டினர். பிரிட்டனில் அவ்வண்டியின் உற்பத்தி நின்றுபோன பின்னும் பாகிஸ்தானில் அது பல பத்தாண்டுகள் பழுதுபார்க்கப்பட்டு, வெட்டி ஒட்டப்பட்டு, மீண்டும் மீண்டும் தீட்டப்பட்டு ஓடியது.

ராக்கெட்டின் ஓட்டுநர் அறைக்குமேல் முன்னோக்கி வளைந்து நிற்கும் மரத்தாலான அமைப்பைத் 'தாஜ்' என்பர். மகுடம் என்பது பொருள். கூடுதல் சரக்கை அதன்மேல் ஏற்ற இடமுண்டு. ஆயினும் அதன் முதன்மைப் பணி முகமாக நிற்பதே. மகுடத்தின் உச்சியில் மக்காவின் கஃபாவும் மதீனாவின் பள்ளிவாசலும் இடம்பெறும். நபிகள் நாயகத்தின் மிஃராஜ் பயணத்தோடு தொடர்புடைய புராக், சிறகு விரித்த குதிரையாகப் பெண்முகத்தோடு எழுதப்படும். பக்கங்களில் மலர்க்கொடிகள், பறவைகள், ஏரியும் மலையும் சூழ்ந்த காட்சிகள். வண்டியின் பின்புறமே உலகியல் வெளி. நடிகையர், கிரிக்கெட் வீரர், புலி, போர்வானூர்தி, அரசியல் தலைவர் எல்லாரும் அங்கேதான் வருவர். இவ்வைப்புமுறை தற்செயலானது அன்று என்பதை ஜமால் எலியாஸ் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஆன் விங்ஸ் ஆஃப் டீசல்' என்னும் நூலில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். புனிதமானது முன்னும் மேலும் நிற்க, இன்பமும் வேடிக்கையும் பின்னே செல்கின்றன. கோயில் கோபுரத்தின் அடுக்குகளைப் படித்துப் பழகிய நமக்கு இவ்வமைப்பைப் படிப்பது கடினமன்று.

பின்கதவில் மிகுதியாக இடம்பெற்ற அரசியல் முகம் அயூப்கானுடையது. 1958 முதல் 1969 வரை ஆண்ட அவர் பதவியிழந்து மறைந்த பின்னும் சீருடையில் சரக்குந்துகளின் முதுகில் பயணம் செய்தார். நீ போனபின் உன் நினைவு வந்தது என்னும் பொருள்படும் வரியொன்று அவர் படத்தோடு சேர்த்து எழுதப்படுவதுண்டு. ஆட்சியில் இருப்போரை நேரே பழிக்காமல், போனவரைப் புகழ்ந்து பழிக்கும் உத்தி இது. 1998இன் அணுச் சோதனைக்குப்பின் ஏவுகணைகளும் சாகாய் மலையும் ஓவியப் பொருளாயின. தேர்தல் முடிவுகளைக் கொண்டு மட்டும் அந்நாட்டின் மக்கள் மனத்தை எழுத முயலும் வரலாற்றாசிரியர், நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு நாள் நின்றிருந்தால் வேறு சில அதிகாரங்களையும் எழுதியிருப்பார் என்றே தோன்றுகிறது.

வட்டார வேறுபாடுகள் தெளிவாகப் புலப்படுபவை. சுவாத் பள்ளத்தாக்கின் வண்டிகளில் செதுக்கு வேலைப்பாடமைந்த மரக்கதவுகள் சிறப்பிடம் பெறும்; மலைநாட்டு வீடுகளின் தூண்களிலும் கதவுகளிலும் வழங்கிவந்த செதுக்குக்கலை ஊர்திக்கு ஏறியதே இது. பெஷாவர் பாணியில் எழுத்தணியும் மரவேலையும் மிகும். இராவல்பிண்டியைச் சார்ந்த பஞ்சாபுப் பாணியில் ஞெகிழித் துண்டுகளையும் கண்ணாடி போன்ற தாள்களையும் வெட்டி ஒட்டும் முறை ஓங்கியது. பலூசிஸ்தானத்து வண்டிகள் உலோகப் பளபளப்பை விரும்பின. முட்டுச்சட்டத்தில் வரிசையாகத் தொங்கவிடப்படும் சங்கிலிகளும் மணிகளும் எல்லாப் பாணிக்கும் பொதுவானவை. ஆப்கானிஸ்தானத்தில் இருந்த அமெரிக்கப் படையினர் அவ்வொலியைக் கேட்டு இவற்றிற்குக் 'கிலுகிலு வண்டி' எனப் பொருள்படும் பெயரிட்டனர்.

ஒட்டக வணிகக்கூட்டங்களின் மணியும் குஞ்சமும் இவ்வண்டிகளுக்கு மூலம் என்பது அடிக்கடி கூறப்படும் விளக்கம். இதில் பாதி உண்மை உண்டு. மணி, குஞ்சம், கண்ணாடித் துண்டு, அடித்து உருவாக்கிய தகடு ஆகிய நுட்பங்கள் பழையவை. அவற்றைச் செய்த கைகளும் பழைய தொழிற்குடிகளின் கைகளே. ஆனால் ஒட்டகத்தின்மேல் நான்கு கெசம் அகலமுள்ள தட்டையான பலகை இல்லை. பெரும்பரப்பில் காட்சி எழுதும் வாய்ப்பைத் தந்தது இரும்புச் சட்டத்தின்மேல் எழுந்த பெட்டி. திரைப்படப் பதாகை, நாட்காட்டிப் படம், எண்ணெய் வண்ணம் ஆகியன இருபதாம் நூற்றாண்டின் வரவு. மூலத்தைத் தேடிப் பின்னே செல்லும் ஆர்வத்தில் கண்முன் நிற்கும் தொழிற்புரட்சியை விட்டுவிடக் கூடாது என்பதே நம் கருத்து.

தமிழாய்வாளர்க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நம்மில் ஒருவர் இப்பொருளைக் கையிலெடுத்தால் கொடிஞ்சியும் மணியும் பூண்ட சங்ககாலத் தேரிலிருந்து தொடங்கவே விரும்புவார். அத்தேருக்கும் சங்ககிரிச் சரக்குந்துக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டு இடைவெளி உள்ளது. அவ்விடைவெளியில் கைமாறி வந்த தொழிலைக் காட்டாமல் ஒப்புமையை மட்டும் காட்டுவது வரலாறாகாது.

பட்டி, டூகோ, ரெக்சின்

ஓவியத்துக்கு முன்னே மேற்பரப்பு உண்டு. வண்டிக்கு வண்ணம் பூசுவதன் முதல் நோக்கம் துருவைத் தடுத்தல். நசுங்கிய தகட்டைத் தட்டிச் சமன்செய்தல் 'டிங்கரிங்' எனத் தமிழகப் பட்டறைகளில் வழங்கும். துருவைச் சுரண்டி, செந்நிற 'ரெட் ஆக்சைடு' அடிப்பூச்சைக் கொடுத்து, பள்ளங்களைப் பட்டியால் நிரப்பி, நீர் தெளித்து உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் பூசி, மீண்டும் தேய்த்த பின்னரே வண்ணம் ஏறும். பட்டி பார்க்கும் பொறுமையே பூச்சின் ஆயுளை நிர்ணயிக்கிறது. பார்ப்பவர் கண் மயிலைக் காண்கிறது. மயிலுக்கு அடியில் கிடக்கும் நான்கு நாள் தேய்ப்பைக் காண்பதில்லை.

வேதியியல் இத்தொழிலை மாற்றிய விதம் தனியே எழுதத்தக்கது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர்திப் பூச்சு உலர வாரக்கணக்கில் ஆயிற்று. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் 1923இல் அறிமுகம் செய்த 'டூகோ' என்னும் நைட்ரோசெல்லுலோசுப் பூச்சு அதை மணிக்கணக்காகக் குறைத்தது. தெளிப்பான் கொண்டு அடிக்கவும் ஏற்றதாயிருந்தது. அவ்வணிகப் பெயர் தென்னாசியாவில் பொதுப்பெயராகவே நிலைத்துவிட்டது. எந்த நிறுவனத்தின் பூச்சாயினும் அதைத் தெளித்தடித்தால் 'டூகோ பெயிண்டிங்' என்பதே பட்டறையின் வழக்கு.

உட்புறத்திலும் ஒரு வணிகப்பெயர் இவ்வாறே தங்கிற்று. மான்செஸ்டரை அடுத்த ஹைடு என்னும் ஊரில் செய்யப்பட்ட 'ரெக்சின்' என்னும் செயற்கைத்தோல், பிரிட்டனின் தொடர்வண்டிகளுக்கும் கார்களுக்கும் இருக்கை உறையாகப் பயன்பட்டது. இன்று இங்கிலாந்தில் அச்சொல்லை அறிந்தோர் சிலரே. சென்னையிலும் கராச்சியிலும் இருக்கை தைப்பவரிடம் அது அன்றாடச் சொல். வேனின் உட்கூரையில் பஞ்சு வைத்து ரெக்சினைச் சாய்சதுரங்களாகத் தைத்தல், கதவின் உட்பக்கத்தில் இருநிறத் துண்டுகளை இணைத்தல், முன்பலகையில் சன்மைக்கா ஒட்டுதல், சாளரத்துக்குக் குஞ்சம் வைத்த திரையிடுதல் என்பன உட்புற வேலையின் உறுப்புகள். பாகிஸ்தானிய ஓட்டுநர் அறையில் இவற்றோடு கண்ணாடித் துண்டுகளும் செயற்கைப் பூக்களும் சேரும். வெளிப்புறம் ஊருக்கு, உட்புறம் வண்டியிலேயே உண்டு உறங்கும் மனிதனுக்கு. வீட்டிலிருந்து பல நாள் பிரிந்திருப்பவன் தன் அறையை வீடாக்கிக்கொள்ளும் முயற்சியை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிட நம்மால் இயலவில்லை. ஆய்வாளர் எடுத்த நிழற்படங்களில் வெளிப்புறமே மிகுதி. உட்புற வேலையைச் செய்த தையற்காரரைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு.

மூன்றாவது பொருள் ஒளி எதிர்க்கும் தாள். 1939இல் அமெரிக்காவின் 3 எம் நிறுவனம் சாலைக் குறிகளுக்கென அறிமுகம் செய்த வகையைச் சேர்ந்தது அது. இரவில் பின்னால் வருவோர்க்கு வண்டி தெரியவேண்டும் என்பதற்காக அரசுகள் அதை வற்புறுத்தின. கைவினைஞரோ அதை வாங்கி மயிலாகவும் மீனாகவும் மலராகவும் கத்தரித்தனர். பாகிஸ்தானில் இதற்குச் 'சமக் பட்டி' என்று பெயர். மின்னும் பட்டை என்பது பொருள். தமிழகத்தில் 'ரேடியம் ஸ்டிக்கர்' என்பர். அதில் ரேடியம் இம்மியும் இல்லை. பாதுகாப்பு விதிக்காக வந்த பொருளே அலங்காரத்தின் முதன்மைப் பொருளானது, விதியும் விருப்பமும் எப்போதும் பகைவரல்லர் என்பதைக் காட்டுகிறது.

தமிழகச் சாலைகள்

பாகிஸ்தானிய வண்டியோடு ஒப்பிடத் தமிழகத்து வண்டி அடக்கமானது. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரம் சரக்குந்துத் தொழிலுக்கும் கூடு கட்டும் தொழிலுக்கும் பெயர்பெற்றது. திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளால் இந்தியா முழுதும் அறியப்பட்டது. கரூர் பேருந்துக் கூடு கட்டுவதில் சிறந்தது. வானம் பார்த்த பூமியில் வேளாண்மை கைகொடாதபோது உழவர் குடும்பங்கள் பல வண்டித் தொழிலுக்கு மாறின. அவ்வாறு மாறியோர் தம் ஊரையும் சாமியையும் வண்டியின் நெற்றியில் எழுதிக்கொண்டனர்.

முகப்பில் குலதெய்வமோ முருகனோ துணை எனக் காண்பர். பிள்ளைகளின் பெயர்கள் பக்கத்தில் வரிசையாக வரும். பின்புறத்தில் கோரைப்பல்லோடு விழிக்கும் திருட்டிப் பூதம். முன்னே எலுமிச்சையும் மிளகாயும் கோத்த கயிறு. ஒலியெழுப்பு என்னும் வேண்டுகோளும், ஒரு காலத்தில் குடும்பநலத் திட்டத்தின் தலைகீழ்ச் செம்முக்கோணமும் அதன் வாசகமும் இடம்பெற்றன. இவற்றோடு கடன் தந்த நிதி நிறுவனத்தின் பெயரும் வண்டியில் காணப்படுவதுண்டு. தெய்வமும் மக்களும் கடன் கொடுத்தவரும் ஒரே உடலில் எழுதப்பட்டிருக்கும் இந்த ஏட்டைச் சமூகவியலார் போதிய அளவு படிக்கவில்லை என்பது நம் மனக்குறை.

பெயர் எழுதுவோர் தனித்தொழிலினர். தூரிகையை வண்டியின் நீளத்திற்கு ஒரே இழுப்பில் கொண்டுசென்று கோடு போடுவது அவர்களது திறமைக்கு அளவுகோல். 1990களில் கணினி வழி வெட்டப்படும் வினைல் ஒட்டுகள் பரவத் தொடங்கியதும் இவர்களது பிழைப்பு விரைவாகச் சுருங்கியது. ஒட்டு ஒரு மணி நேர வேலை. எழுத்து அச்சுப் பிசகாமல் இருக்கும். எந்த ஊரில் எழுதியது என்பதை மட்டும் அதைக் கொண்டு கூறவியலாது. முன்பு எழுத்தின் வளைவைக் கண்டே எழுதிய கையை ஓட்டுநர் கூறிவிடுவர்.

சட்டத்தின் வண்ணம்

வண்ணம் அரசின் பொருளும் ஆகும். கோலாலம்பூரில் 1975 முதல் 1998 வரை ஓடிய மினி பேருந்துகளின் இளஞ்சிவப்பை மறந்திராத நம் வாசகர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்தியாவின் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், நாடெங்கும் செல்ல இசைவு பெற்ற சரக்குந்துக்குக் காய்ந்த இலையின் பழுப்பு நிறத்தையும் 30 சென்டிமீட்டர் அகல வெள்ளை விளிம்பையும் வகுத்தன. சுற்றுலா வண்டிக்கு வெள்ளை நிறமும் நடுவே 5 சென்டிமீட்டர் அகல நீலப்பட்டையும் வகுத்தன. தமிழகச் சரக்குந்தின் பழுப்பு நிறத்தை மண்ணின் நிறம் என்று கவித்துவமாக விளக்கியவர் உண்டு. அது விதிநூலின் நிறம்.

அண்மைக் காலத்தில் விதிகளின் பிடி இறுகியுள்ளது. 2012 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் ஊர்திக் கண்ணாடிகளில் கறுப்புத்தாள் ஒட்டுவதைத் தடைசெய்தது. 2015இல் மகாராட்டிர அரசு, நாடறிந்த 'ஹார்ன் ஓகே பிளீஸ்' என்னும் வாசகம் தேவையின்றி ஒலியெழுப்பத் தூண்டுகிறது எனக் கூறி அதை விலக்கிற்று. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்று தீர்ப்பளித்தது.

கேரளத்து நிகழ்வு இவற்றுள் கூர்மையானது. அங்குச் சுற்றுலாப் பேருந்துகளும் வேன்களும் திரை நாயகர் படங்களும் கண்ணைப் பறிக்கும் விளக்குகளும் பேரொலிப் பெருக்கிகளும் பூண்டு ஓடின. ஒவ்வொரு வண்டிக்கும் தனி இரசிகர் கூட்டமே இருந்தது. 2020இல் அம்மாநிலப் போக்குவரத்து அதிகார அமைப்பு இவ்வகை வண்டிகளுக்கு ஒரே வெள்ளை நிறத்தை வகுத்தது. 2022 அக்டோபர் 5ஆம் நாள் இரவு பாலக்காட்டு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே பள்ளி மாணவர் சென்ற சுற்றுலாப் பேருந்து அரசுப் பேருந்தின் பின்னே மோதியதில் 9 பேர் உயிரிழந்தனர். அதன்பின் சில நாள்களிலேயே வெள்ளை விதி கடுமையாக நடைமுறைக்கு வந்தது. பட்டறைகளின்முன் வண்டிகள் வரிசையில் நின்று வெள்ளையடித்துக்கொண்டன.

மாணவர் உயிரைப் பேசும்போது கலையின் பெயரால் வழக்காடுவது பொருந்தாது. எதிரே வருவோரின் கண்ணைக் கூசச்செய்யும் விளக்கு, ஓட்டுநரின் கவனத்தைச் சிதறடிக்கும் ஒலி, வழியை மறைக்கும் கறுப்புத்தாள், நடந்து செல்வோரைக் கிழிக்கும் கூர்ந்த உலோக நீட்சி ஆகியவற்றை நீக்குவது அரசின் கடமையே. ஆயினும் அவ்விரவில் மோதலுக்குக் காரணமாக முதன்மையாகப் பேசப்பட்டது அதிவேகம். வண்டியின் பக்கத்தில் தீட்டிய படத்துக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பு மெய்ப்பிக்கப்படவில்லை. விளக்கையும் ஓவியத்தையும் ஒரே குற்றமாகக் கருதியதில் ஆட்சி முறைக்குரிய வசதி இருந்தது. ஆராய்ச்சி இருந்ததாகக் கூறவியலாது.

கென்யாவின் அனுபவம் ஈண்டு நோக்கத்தக்கது. நைரோபியின் 'மத்தாத்து' என்னும் பயணியர் வேன்கள் ஓவியத்துக்கும் இசைக்கும் பேர்போனவை. போக்குவரத்து அமைச்சர் ஜான் மிச்சூக்கி கொணர்ந்த விதிகள் 2004இல் நடைமுறைக்கு வந்தபோது வேகத் தடுப்பும் இருக்கைப் பட்டையும் கட்டாயமாயின; வண்டியைச் சுற்றி மஞ்சள் பட்டை தீட்டவும் ஆணை பிறந்தது; ஓவியங்கள் மறைந்தன. பத்தாண்டுக்குப்பின், 2014 நவம்பரில், அதிபர் உகுரு கென்யாத்தா இளைஞர்களின் பிழைப்பைக் காரணம் காட்டி ஓவியத்தை மீண்டும் அனுமதித்தார். பாதுகாப்பு விதியையும் ஓவியத் தடையையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க ஓர் அரசால் இயலும் என்பதற்கு இது சான்று.

எனினும் சட்டத்தைவிட ஆழமாக வேலைசெய்வது தொழிற்சாலைதான். முழுமையான ஓட்டுநர் அறையோடு சரக்குந்துகள் வருவது இந்தியாவில் பெருகிவிட்டது. 2025 முதல் புதிய நடுத்தர, கனரகச் சரக்குந்துகளின் ஓட்டுநர் அறையில் குளிரூட்டி கட்டாயமாக்கப்பட்டது. வெக்கையில் வெந்த ஓட்டுநர்க்கு இது நெடுநாள் கடந்து கிடைத்த நீதி. அத்தகைய அறையைச் சாலையோரத் தச்சரால் கட்ட இயலாது. பிலிப்பீன்சில் 2017இல் தொடங்கிய பொதுப்போக்குவரத்துப் புதுப்பிப்புத் திட்டமும் ஜீப்னியின் இடத்தில் தொழிற்சாலை அச்சில் வார்த்த சிற்றுந்தை வைக்கிறது. அலங்காரம் தடைசெய்யப்பட்டு மறைவது ஒருவகை. அதற்குரிய பரப்பே இல்லாதொழிவது மற்றொரு வகை. இரண்டாவதை எதிர்த்து முறையிட அலுவலகம் எதுவும் இல்லை.

இதற்கிடையே அலங்கார வண்டி அயல்நாடுகளில் மதிப்புப் பெற்றது. 2002ஆம் ஆண்டு கோடையில் வாஷிங்டனில் பட்டுப்பாதையைப் பொருளாகக் கொண்டு நடந்த ஸ்மித்சோனியன் நாட்டார் வாழ்வியல் விழாவில் பாகிஸ்தானிய ஓவியர் ஹைதர் அலியும் கூட்டு வேலைக்குச் சென்ற ஜமிலுத்தீனும் சரக்குந்தொன்றை அலங்கரித்தனர். 2006இல் மெல்பர்ன் நகரில் பொதுநலவாய விளையாட்டுகள் நடந்தபோது, கராச்சியின் டபிள்யூ-11 தடப் பேருந்தைப் போல ஒரு டிராம் வண்டி தலைமுதல் கால்வரை அலங்கரிக்கப்பட்டு ஓடிற்று. அருங்காட்சியகத்துக்குச் சென்ற வண்டி பாதுகாக்கப்படும். சாலையில் நின்ற வண்டி சில ஆண்டுகளில் மறுபடி தேய்க்கப்பட்டுப் புதுவண்ணம் பெறும். ஒவ்வொரு புதுப்பூச்சும் முந்திய ஓவியத்தின் அழிவு. ஆதலின் 1960களின் வண்டி எதுவும் அன்றிருந்தவாறு நம் கைக்கு எட்டுவது அரிது. பயணிகள் எடுத்த நிழற்படங்கள், பழைய திரைப்படங்களில் சாலைக் காட்சியின் ஓரத்தில் கடந்துபோகும் வண்டிகள் ஆகியவற்றிலிருந்தே அக்காலத்தைத் திரட்ட வேண்டும்.

அரசு ஆவணங்களை நாடுவோர்க்குக் கிடைப்பதும் சிறிதே. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பதிவேட்டில் இயந்திர எண், அடிச்சட்ட எண், உடைமையாளர் பெயர், கடன் கொடுத்தவர் பெயர் எல்லாம் உண்டு. நிறம் என்பதற்கும் ஒரு கட்டம் உண்டு. பின்கதவில் மயிலும் நெற்றியில் முருகனும் பக்கத்தில் மூன்று பிள்ளைகளின் பெயரும் தாங்கி இருபது ஆண்டு ஓடிய வண்டிக்கு அக்கட்டத்தில் எழுதப்பட்டிருப்பது ஒரு சொல்: பழுப்பு.